இருபத்து மூன்று கயிறும் ஒரு கையெழுத்தும்

பக்கிரி ஜெயித்ததை எல்லாம் ஓரிடத்தில் எழுதிப் பார்த்தால் இவ்வளவு வருகிறது. கடல் ஏறி உப்புப் பூத்துப்போன அறுபது சென்ட் நிலத்தை இரண்டு மழைக்காலத்துக்குள் மறுபடியும் பச்சை பிடிக்க வைத்தான். பதினொரு வீட்டுக்காரர்கள் வாய்க்கால் தண்ணீரில் கீரை அலசுவதை நிறுத்தினான். யூரியா சாக்கில் காய் கட்டுகிற பழக்கத்தை அந்தப் பதினொரு வீட்டிலும் ஒழித்தான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விடுதிக்குக் காய்கறி போடுகிற ஆர்டர் மூன்று லேப் சோதனைக்குப் பிறகும் கை நழுவிப் போகாமல் காப்பாற்றினான். 2011 கடைசியில் வந்த தானே புயல் பந்தலை எல்லாம் தரையோடு சாய்த்துவிட்டுப் போன நாற்பத்தோராம் நாள் மறுபடியும் லோடு ஏற்றினான். சொந்த அக்காவின் புருஷனே கூட்டத்தில் எழுந்து நின்று தன் பொய்யைத் தானே ஒப்புக்கொள்ளும்படி செய்தான். அதற்காக அவரை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. இத்தனையும் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்காத ஒருவன் செய்தது.

மிதிக்காததற்குக் காரணம் உண்டு. அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் படிக்க அனுப்ப முடிந்தது. மூத்தவள் சௌந்தரம் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தாள். அவள் எட்டாம் வகுப்பு வரை போனாள். இளையவன் பக்கிரி மாட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போனான். அதைப் பற்றி அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ரேஷன் கடையிலும் கூட்டுறவு வங்கியிலும் கட்டைவிரலை நீட்டுவான்; மையை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்துவிடுவான்.

அவன் நிலம் கிள்ளையிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், மூன்றாவது மைலில் இடது கைப்பக்கம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை உப்பங்கழி வழியாக ஏறி வந்த கடல் தண்ணீர் அந்த நிலத்தில் இரண்டு நாள் நின்றது. வடிந்தபோது கத்திரிச் செடி எல்லாம் வேக வைத்ததுபோல் கிடந்தது. கிணறும் கெட்டது. கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போட வந்த ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியபோது பக்கிரி மட்டும் கிணற்று மேட்டிலேயே நின்று பார்த்தான். எத்தனை அளவு போடுகிறார்கள், எப்படிக் கரைக்கிறார்கள், அரை மணி நேரம் ஏன் காக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு மனதில் போட்டுக்கொண்டான். அது எதற்குப் பயன்படும் என்று அப்போது அவனுக்கே தெரியாது.

2006 மாசி மாதம் அவனுடைய ஐந்து வயது மகள் எழிலரசி, கொடியில் கிடந்த வெள்ளரிப்பிஞ்சு ஒன்றைப் பறித்துக் கடித்தாள். முதல் நாள் சாயங்காலம்தான் பக்கிரி அந்தக் கொடிக்கு மருந்து அடித்திருந்தான். கால் மணி நேரத்தில் குழந்தை வாந்தியெடுத்துக் கண் சொருகிவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த ஆட்டோவை மறித்து ஏறிச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனான். மூன்றாம் நாள் குழந்தை எழுந்து இட்லி கேட்டாள். ஆனால் டாக்டர் கேட்ட ஒரு கேள்வி அவனை விடவில்லை. என்ன மருந்து, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும், டப்பாவிலேயே போட்டிருக்குமே, பார்க்கவில்லையா என்றார். பார்த்தாலும் அவனுக்கு அது வெறும் கோடுகள்தானே.

அந்த வருஷம் தோட்டக்கலைத் துறையிலிருந்து ஓர் உதவி அலுவலர் கிராமத்துக்கு வர ஆரம்பித்தார். ரேகா என்று பெயர். கடலூர் செம்மண்டலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பக்கிரி தன் வீட்டில் இருந்த நான்கு மருந்து டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தான். அவர் ஒவ்வொன்றாகப் படித்து, இது மூன்று நாள், இது ஏழு நாள், இது பத்து நாள், இந்த நாலாவது டப்பாவைக் காய்கறிக்கு அடிக்கவே கூடாது என்று சொன்னார். பக்கிரி மடியிலிருந்து ஒரு நார்க்கயிற்றை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல முடிச்சுப் போட்டான்.

அப்படித்தான் கயிறு வந்தது. மருந்து அடித்த அன்று, அந்த மருந்துக்கு எத்தனை நாளோ அத்தனை முடிச்சு. தினமும் விடிந்ததும் ஒரு முடிச்சை அவிழ்ப்பான். கயிறு முழுவதும் அவிழ்ந்து நேராகத் தொங்கினால் பறிக்கலாம். ஒரு முடிச்சு மிச்சம் இருந்தாலும் அந்தக் காயில் கை வைக்கக் கூடாது, வீட்டுக் குழம்புக்காக இருந்தாலும் சரி.

2008-ல் பதினொரு விவசாயிகள் சேர்ந்து குழுவாகி, சிதம்பரத்து விடுதிக்குக் காய் போட ஆரம்பித்தபோது கயிறும் பெருகியது. பதினொரு பேருக்கும் சேர்த்து இருபத்து மூன்று துண்டு நிலம். இருபத்து மூன்று கயிற்றையும் பக்கிரி தன் மோட்டார் கொட்டகையில் ஒரு மூங்கிலில் வரிசையாகத் தொங்கவிட்டான். மருந்து அடித்தவரே அன்று வந்து தன் கயிற்றில் முடிச்சுப் போடுவார்; அவிழ்ப்பது மட்டும் பக்கிரி. எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அடையாளம் கட்டினான். ஒன்றில் கிளிஞ்சல், ஒன்றில் சோடா மூடி, ஒன்றில் சட்டைப் பித்தான். அக்கா புருஷன் சாமிக்கண்ணுவின் வெண்டைக்காய்த் துண்டுக்கு ஓர் ஒற்றைச் சாவி. அந்த வீட்டில் பூட்டு தொலைந்து சாவி மட்டும் மிஞ்சியிருந்தது.

சாமிக்கண்ணு கேலிக்காரர். கொட்டகைப் பக்கம் வந்தால் கயிற்றைப் பார்க்காமல் போகமாட்டார்.

"இன்னா மச்சான், என் வெண்டக்கா இன்னிக்கி எறங்கலாமா, இல்ல உன் கவுறு இன்னும் கோவமாத்தான் கீதா?"

"ரெண்டு முடிச்சு கெடக்குது மாமா. வெள்ளிக்கெழம வாங்க."

"கலெக்டர் ஆபீசுலகூட இத்தினி நாளு இழுக்க மாட்டாங்கய்யா."

கயிற்றைக் கேலி செய்தாலும் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். வாய்க்கால் விஷயத்தில்தான் பெரிய எதிர்ப்பு வந்தது. பறித்த கீரையைக் கட்டாகக் கட்டி, விடியற்காலையில் வாய்க்காலில் நாலு முக்கு முக்கி எடுத்தால் பளபளவென்று பச்சை ஏறும். ஓடுகிற தண்ணீர் சுத்தம் என்பது ஊர் நம்பிக்கை. அதே வாய்க்காலில் இரண்டு வயல் மேலே எருமை படுத்திருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பக்கிரி வாதாடிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஒரு செம்பில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு வந்து எல்லோர் நடுவிலும் வைத்தான். யாராவது ஒருவர் இதைக் குடித்துவிட்டால் நாளையிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை என்றான். செம்பு கை மாறிக் கை மாறி ஒரு சுற்று வந்து அவனிடமே திரும்பியது. கடைசியில் இருந்த பெரியவர் ராமாமிர்தம் அதை வாங்கி வெளியே ஊற்றிவிட்டு, தொட்டி கட்ட நாளைக்கு மணல் கொண்டுவருகிறேன் என்றார்.

மோட்டார் கொட்டகையை ஒட்டி நூறு லிட்டர் பிடிக்கும் சிமெண்டுத் தொட்டிகள் இரண்டு எழுந்தன. ஒன்றில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தலை தட்டிய ஒரு தீப்பெட்டி பிளீச்சிங் பவுடர். ரேகா மேடம் சரிபார்த்துக் கொடுத்த அளவு. அடுத்ததில் வெறும் தண்ணீர். முதலில் அதில், பிறகு இதில். தொட்டி ஓரத்தில் சோப்பு. நகம் வளர்ந்தவர், வயிற்றுப்போக்கு உள்ளவர், கையில் புண் உள்ளவர் அன்றைக்குக் காயைத் தொடக் கூடாது. சுத்தமில்லாத கை காய் மேல் படக்கூடாது என்பது பக்கிரியின் முதல் சட்டம். அதை மீறியதற்காகச் சொந்தப் பெண்டாட்டி பட்டம்மாளையே ஒருநாள் திருப்பி அனுப்பினான். அவள் சாணி தட்டிவிட்டு நேராக வந்திருந்தாள்.

2009 ஜூலையில் அந்த விடுதியில் நாற்பது மாணவர்கள் வயிற்றுக்கோளாறில் படுத்தார்கள். காரணம் தண்ணீரா, மீனா, காய்கறியா என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் மெஸ் மேனேஜர் ஆரோக்கியராஜ், சரக்கு போடுகிற எல்லோருக்கும் ஒரே நிபந்தனை வைத்தார். மூன்று லோடில் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவார். மூன்றும் தேறினால் ஒரு வருஷத்துக்கு ஆர்டர். ஒன்று தவறினாலும் அதோடு சரி. பதினொரு வீட்டுப் பிழைப்பும் அந்த ஆர்டரில்தான் நின்றது. நவம்பர் சாம்பிள் தேறியது. டிசம்பர் சாம்பிளும் தேறியது. மூன்றாவது, பொங்கல் விடுமுறை முடிந்து விடுதி திறக்கிற அன்று, 2010 ஜனவரி 18 திங்கட்கிழமை போகும் லோடில்.

ஜனவரி 13 போகிப் பண்டிகை. அன்று விடிவதற்கு முன்பே விடுமுறைக்கு முந்தைய கடைசி லோடை ஏற்றிக்கொண்டு பக்கிரி சிதம்பரம் போய்விட்டான். பட்டம்மாள் வீட்டைக் கழுவி, மாட்டுக்கொட்டிலைக் கூட்டி, மோட்டார் கொட்டகைக்கும் வந்தாள். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் புதுக் கயிறு மாற்றுவார்கள். வருஷம் பூராவும் கிடந்த பழைய மூக்கணாங்கயிறு, கழுத்துக்கயிறு, பிய்ந்த பிரிமணை எல்லாவற்றையும் போகியில் போடுவது அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வழக்கம். வீட்டில் ஒரு பழங்கயிறு மிஞ்சினாலும் ஆகாது. மூங்கிலில் தொங்கிய இருபத்து மூன்றும் புகையேறிக் கறுத்துப் பழங்கயிறாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் நெருப்பில் போட்டாள். பக்கிரி எட்டு மணிக்குத் திரும்பியபோது சாம்பலில் ஒரு சோடா மூடியும் சாமிக்கண்ணுவின் ஒற்றைச் சாவியும் கிடந்தன.

அவன் சத்தம் போடவில்லை. சாவியை எடுத்து, ஆற ஊதி, கையில் வைத்துக்கொண்டு கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். என்ன நடந்தது என்று புரிந்ததும் பட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெனப்புல இருக்காதாங்க? நேத்து காலையிலகூட நீங்கதானே அவுத்தீங்க."

"நெனப்புல வச்சிக்கிறதா இருந்தா கவுறு எதுக்கு பட்டு? அது பாத்துக்கும்னுதான் நான் அவுத்ததும் மறந்துடுறேன்."

பாதி கயிறு அவனுக்குக் கண்ணுக்குள் நின்றது. மீதி நிற்கவில்லை. அவனுடைய சொந்தக் கத்திரித் துண்டில் மிச்சம் நாலா ஐந்தா என்பதே அவனுக்கு உறுதியில்லை. குழுவில் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டான். கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான்: அடித்து ரொம்ப நாள் ஆகிறது, தாராளமாகப் பறிக்கலாம். பொங்கல் சந்தையில் காய்க்கு இருக்கும் கிராக்கி அந்தப் பதிலில் கலந்திருப்பது பக்கிரிக்குக் கேட்டது. சாமிக்கண்ணு ஒருபடி மேலே போய், பத்து முடிச்சு மருந்துதான், ஆனால் அடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, விடுதி லோடுக்கு என் வெண்டைக்காய் எழுபது கிலோ இருக்கிறது, கவலைப்படாதே என்றார்.

அன்று சாயங்காலம் தொட்டியடியில் பதினொரு பேரும் கூடினார்கள். பக்கிரி முடிவைச் சொன்னான். கயிறு எரிந்த நாளை மருந்து அடித்த நாளாக வைத்து, எல்லாத் துண்டுக்கும் இன்றிலிருந்து பத்து நாள். அதுவரை குழுவின் பெயரில் ஒரு காய் இறங்காது.

கூட்டம் கொதித்தது. பதினெட்டாம் தேதி வெறும் வண்டியை அனுப்புவதா, லேபில் தோற்றால்தான் ஆர்டர் போகும் என்றில்லை, காய் போகாவிட்டாலும் போகும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அதுவும் உண்மைதான் என்பது பக்கிரிக்குத் தெரியும். சாமிக்கண்ணு எழுந்தார்.

"என் பேச்சுல நம்பிக்க இல்லியா மச்சான்? உன் அக்காவக் கட்டுனவன் நானு."

"உங்கள நம்பறேன் மாமா. என் கத்திரிக்காயவே நான் நம்பல. அப்பறம் உங்க வெண்டக்காய மட்டும் எப்பிடி ஏத்துவேன்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பொங்கலுக்கு அக்கா வீட்டிலிருந்து வழக்கமாக வரும் கரும்பு அந்த வருஷம் வரவில்லை. அவரும் இன்னொருவரும் தங்கள் காயைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். போக வேண்டாம் என்று பக்கிரி வாசலில் நின்று சொல்லிப் பார்த்தான், தடுக்க முடியவில்லை.

பொங்கலன்று பட்டம்மாள் அவரைக்காயும் பூசணியும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கிரி பாதியில் கையை நிறுத்தினான். இந்த அவரை எந்தத் துண்டிலிருந்து வந்தது என்று கேட்டான். துண்டாவது ஒன்றாவது, கொல்லைப் பந்தலில் காய்த்தது என்றாள் அவள். அதற்கு யார் மருந்து அடித்தார்கள் என்றான். கொல்லை அவரைக்கு யாராவது மருந்து அடிப்பார்களா என்று அவள் சிரித்தாள். பக்கிரி கை கழுவாமலே எழுந்து கொல்லைப்புறம் போய்ப் பார்த்தான். அவரை, ஒரு வாழைத்தார், கூரை மேல் இரண்டு பூசணி. பக்கத்து வீட்டு வேலியில் சுரைக்காய். அதற்கடுத்த வீட்டில் முருங்கை. ஊரில் நூற்றுச் சொச்சம் கொல்லைகள். எதற்கும் கயிறு தேவையில்லை. எதிலும் மருந்து பட்டதேயில்லை.

காணும் பொங்கலன்று ஊரே பிச்சாவரம் படகுத்துறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பக்கிரியும் பட்டம்மாளும் ஒரு சைக்கிளில் இரண்டு கூடையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். தைலம்மாள் என்கிற அத்தை முறைக்காரி வாசலிலேயே மறித்தாள்.

"காணும் பொங்கலுக்குக் காசு கேட்டு சின்னப் பசங்கதான் வருவாங்க. இம்மாம் பெரிய ஆளு வந்திருக்கியே, இன்னாடா வேணும்?"

"பூசணிக்கா வேணும் அத்த. அதுக்கு மருந்து கிருந்து அடிச்சிருக்கியா?"

"நான் தலவலிக்கே மாத்திர போட மாட்டேன், பூசணிக்காய்க்கு மருந்து அடிப்பனா?"

மார்கழி முழுக்கப் பூவைப் பறித்துக் கோலத்தில் வைத்தது போகவும், பொங்கலுக்கு வெட்டியது போகவும் ஊரில் இவ்வளவு பூசணி மிச்சம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. மறுநாள் குழுவில் நாலு பேர், கேட்காமலே, கூடையோடு வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர் ராமாமிர்தம். கோழி கொத்தியது, எலி கடித்தது, வெடித்தது என்று ஒரு குவியலை பக்கிரி ஒதுக்கினான். மண்ணில் கிடந்த காயில் சாணி பட்டிருக்கும் என்று ஒவ்வொன்றையும் நாரால் தேய்த்து, முதல் தொட்டியில் போட்டு, இரண்டாம் தொட்டியில் அலசி, வெயிலில் உலர்த்திக் கழுவிய பிளாஸ்டிக் கூடையில் அடுக்கினார்கள். எடை போட்டது: பூசணி நாற்பத்தெட்டு கிலோ, வாழைக்காய் முப்பத்தொன்பது, சுரைக்காய் முப்பத்து மூன்று, முருங்கைக்காய் இருபத்திரண்டு, அவரை பத்தொன்பது. மொத்தம் நூற்று அறுபத்தொன்று. விடுதி கேட்டது நூற்றைம்பது.

பதினெட்டாம் தேதி காலை ஆறரை மணிக்கு மெஸ் பின்வாசலில் வண்டி நின்றது. ஆரோக்கியராஜ் கூடைகளைப் பார்த்தார், தன் ஆர்டர் சீட்டைப் பார்த்தார். வெண்டைக்காய் எங்கே, கத்திரிக்காய் எங்கே, இது என்ன கல்யாண வீட்டுச் சரக்கா என்று கேட்டார். பொய் சொல்ல பக்கிரிக்கு நிறைய வழி இருந்தது. புழு விழுந்துவிட்டது என்றாலே போதும். வண்டியில் கூட வந்திருந்த ராமாமிர்தமும் அதைத்தான் கண்ணால் ஜாடை காட்டினார்.

"எந்தக் காய்க்கு எப்ப மருந்து அடிச்சதுன்னு எங்கிட்ட இருந்த கயிறு போகியில எரிஞ்சிடுச்சு சார். தெரியாதத தெரியும்னு சொல்லி ஏத்த மனசு வரல. இது பூரா கொல்லைக் காய். இதுக்கு நான் பொறுப்பு."

ஆரோக்கியராஜுக்கு முதலில் புரியவில்லை. ஒன்றரை வருஷமாகத் தனக்கு வந்த காய் எல்லாம் ஒரு மூங்கிலில் தொங்கிய கயிற்றை நம்பி வந்தது என்பதை ஜீரணிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உள்ளே போய் ரேகா மேடத்துக்குப் போன் போட்டார். பத்து நிமிஷம் பேசினார். பக்கிரி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆர்டர் போயிற்று என்றே நினைத்தான். ஆரோக்கியராஜ் திரும்பி வந்து, ஒவ்வொரு கூடையிலிருந்தும் தன் கையாலேயே காய் எடுத்துப் பையில் போட்டுச் சீல் வைத்தார். ரிசல்ட் வரட்டும் என்றார். பிறகு சமையல்காரரைப் பார்த்து, இன்றைக்குப் பூசணி சாம்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 29, வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. மருந்து இல்லை. கிருமி, அனுமதித்த அளவுக்குள். முந்தைய இரண்டு சாம்பிளைவிடவும் சுத்தம். ஆர்டர் ஒரு வருஷத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியடியில் கூட்டம். ரேகா மேடமும் வந்திருந்தார். சந்தோஷப் பேச்செல்லாம் அடங்கிய பிறகு, பதினெட்டு நாளாக பக்கிரியோடு முகம் கொடுத்துப் பேசாத சாமிக்கண்ணு எழுந்தார். கேலி செய்யப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"நான் மருந்து அடிச்சது போகிக்கு முந்துன திங்கக்கெழம. பன்னண்டு நாளுன்னு சொன்னது பொய். கவுறு எரிஞ்சிடுச்சு, யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேன். அன்னிக்கி மருந்துச் சட்டையத் தொவச்ச சௌந்தரம் வூட்லயே கீறா. அவ ஒரு வார்த்த கேட்டா, அதுலேந்து எனக்குச் சோறு எறங்கல." தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "என் வெண்டக்கா ஏறியிருந்தா இன்னிக்கி பதினோரு வூடும் என்னைத்தான் திட்டிட்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பக்கிரி மடியிலிருந்து அந்த ஒற்றைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"புதுக் கவுறு திரிக்கணும் மாமா. இதக் கட்டறதுக்கு நீங்களே ஒண்ணு திரிச்சுக் குடுங்க."

இனிமேல் சந்தைக்குப் போகிற காய்க்கும் கயிறு அவிழ வேண்டும் என்று அன்று தீர்மானம் ஆயிற்று. முதலில் கை தூக்கியவர் சாமிக்கண்ணு. கயிறு நாரில் வேண்டாம், கிள்ளையில் கிடைக்கிற நீல நைலான் வலைக் கயிறாக இருக்கட்டும், அதைப் பார்த்தால் யாருக்கும் மாட்டுக்கயிறு என்று தோன்றாது என்றாள் பட்டம்மாள். கூட்டத்தில் பெரிய சிரிப்பு. கயிற்றில் இருப்பதைச் சௌந்தரம் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என்றும் முடிவாயிற்று. ரேகா மேடம் இன்னும் ஒன்று சொன்னார். ஒவ்வொரு லோடோடும் ஒரு சீட்டு போக வேண்டும். எந்தத் துண்டு, எப்போது மருந்து, எப்போது பறித்தது, அதன் கீழே 'பறிக்கலாம்' என்று அனுமதித்தவரின் கையெழுத்தோ கைநாட்டோ. அந்த ஆள் யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி முதல் தேதியிலிருந்து சீட்டு போயிற்று. சௌந்தரம் எழுதுவாள், பக்கிரி மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்திச் சீட்டில் வைப்பான். சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் காய் அடுக்க வருவான். ஒரு வாரம் போயிற்று. எட்டாம் தேதி காலையில், அலசி வைத்திருந்த வெளிர்பச்சைச் சுரைக்காய் ஒன்றின் மேல் நீலமாக ஒரு கட்டைவிரல் தடம் தெரிந்தது. ரேகை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது.

சாமிக்கண்ணு அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "மச்சான், சொரக்காகிட்டயே கடன் வாங்கிட்ட போலக்கீதே."

எல்லோரோடும் சேர்ந்து பக்கிரியும் சிரித்தான். பிறகு அந்தச் சுரைக்காயை வாங்கி ஒதுக்குக் கூடையில் போட்டான். சோப்பை எடுத்துத் தேய்த்தான். சாம்பலைப் போட்டுத் தேய்த்தான். நகக்கண்ணில் நீலம் போகவில்லை. தினமும் மை தொடுகிற விரலில் அது போகவும் போகாது. சுத்தமில்லாத கை காய் மேல் படக்கூடாது. யாருடைய சட்டம் அது? அன்று அவன் காயைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வேலை வாங்கினான். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், என் பேரை ஒரு காகிதத்தில் பெரிசாக எழுதிக் கொடு என்றான்.

அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ஓர் எழுத்து ஒரு சாண் உயரத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பக்கிரி அதைக் கொட்டகைச் சுவரில், கயிறு தொங்கும் மூங்கிலுக்குக் கீழே சோற்றால் ஒட்டினான். காலையில் முடிச்சு அவிழ்த்ததும், காய் வருவதற்குள், விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டிச் சுவரின் சிமெண்டில் எழுதிப் பார்ப்பான். வெயில் ஏறியதும் காய்ந்து மறைந்துவிடும். மறுபடி எழுதுவான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. எத்தனை தடவை எழுதினாலும் சிமெண்டு திட்டாது, மாமாவைப் போலக் கேலியும் பண்ணாது என்பான். மூன்றாவது வாரம் தாளைப் பார்க்காமல் எழுதினான். நாலாவது வாரம் பேனா பிடித்தான். மண்வெட்டி பிடித்த விரலுக்குப் பேனா நழுவியது. அதன் மேல் நீலக் கயிற்றில் ஒரு துண்டைச் சுற்றிப் பிடி அமைத்துக்கொண்டான். அதுவரை சீட்டில் பட்டம்மாள்தான் அவனுக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்தாள். அன்றன்றைக்கு அவளுக்குக் காய் தொடும் வேலை கிடையாது. எனக்கு இது வசதியாகத்தான் இருக்கிறது, நீங்கள் அவசரப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு காலையில், சாவி கட்டிய கயிறு முழுவதும் அவிழ்ந்து நேராகத் தொங்கியது. சாமிக்கண்ணுவின் வெண்டைக்காய் அறுபத்திரண்டு கிலோ தொட்டியில் அலசி, உலர்ந்து, கூடையில் ஏறியிருந்தது. சௌந்தரம் சீட்டை எழுதி நீட்டினாள். பட்டம்மாள் மைப்பெட்டியைத் திறக்கப் போனாள். பக்கிரி அதை மூடி அப்பால் நகர்த்திவிட்டு, சோப்பு போட்டுக் கையைக் கழுவி, துடைத்து, கயிறு சுற்றிய பேனாவை எடுத்தான். ஒவ்வோர் எழுத்தாக, முடிச்சு அவிழ்க்கிற நிதானத்தோடு, 'பறிக்கலாம்' என்ற சொல்லுக்குக் கீழே தன் பெயரை எழுதினான். எழுதிய கையை விரித்துப் புரட்டிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. அந்தக் கையாலேயே முதல் கூடையைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

சீட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் தேதி: 2010 மார்ச் 15, திங்கட்கிழமை.